கத்தலான், கத்தலனிஸ்தா, ஷர்னேகு: எந்தச் சொல்லை யார், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள தன்னாட்சிப் பகுதியான கத்தலோனியாவின் அண்மைக்கால அரசியலைப் பற்றிய நீண்ட கட்டுரையொன்றை ஒரு சிற்றிதழுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூலம் ஸ்பானிய மொழியில் உள்ளது. அம்மொழியை ஓரளவு படிப்பேன். கத்தலான் மொழி அகராதியின் துணையோடுதான் வரும்.

பாதி வழியில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கட்டுரையாளர் ஒரே பக்கத்தில் கத்தலனிஸ்தா, நசியோனலிஸ்தா, சோபிரனிஸ்தா, இந்தெபெந்தெந்திஸ்தா என்று நான்கு சொற்களைக் கையாள்கிறார். முதல் வரைவில் நான்கையும் 'கத்தலான் தேசியவாதி' என்றே எழுதிவைத்திருந்தேன். திருப்பிப் படித்தபோது, "அவர் கத்தலனிஸ்தாதான், ஆனால் நசியோனலிஸ்தா அல்லர்" என்ற வாக்கியம் என் தமிழில் "அவர் கத்தலான் தேசியவாதிதான், ஆனால் தேசியவாதி அல்லர்" என்று நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

இச்சொற்களுக்கு இடையே கோடு எங்கே விழுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். கத்தலோனியா தனிநாடாக வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை மட்டும் இங்கே நடத்த வேண்டாம். சொல்தான் என் கவலை.

நடுவூரான் எழுதியது:

தாங்கள் தேவைக்கு மேல் வருந்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். தனிநாடு குறித்து 2017 அக்டோபர் 1 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பைப் பற்றி எழுதும்போது 'பிரிவினைவாதிகள்' என்ற ஒரே சொல் செய்தியாளர்களுக்குப் போதுமானதாக இருந்தது, படித்தவர்களுக்கும் விளங்கியது. பிரிய வேண்டும் என்பவர் ஒரு பக்கம், கூடாது என்பவர் மறுபக்கம். நடுவே இத்தனை படிகளைக் கட்டுவது, அரசியல்வாதிகள் தங்கள் நிலைப்பாட்டை மறைத்துக்கொள்ளச் செய்யும் வேலையே ஆகும். அந்தப் படிகளில் எல்லாம் வாசகர் ஏன் ஏறி இறங்க வேண்டும்?

மேலைக்காற்று எழுதியது:

பார்சலோனாவை ஒட்டிய நகரொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். இச்சொற்களைத் தவறாகப் பயன்படுத்தி அலுவலக உணவு மேசையில் பலமுறை திருத்தப்பட்டவன் என்பதே எனக்குள்ள ஒரே தகுதி. நடுவூரான் ஐயாவின் இருபக்கக் கணக்கு 2017-இன் சில மாதங்களுக்குப் பொருந்தக்கூடும். அதற்கு முந்தைய நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பொருந்தாது.

கத்தலனிஸ்மா என்ற சொல்லை அரசியல் கொள்கையின் பெயராக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் வலென்தி அல்மிராய். 1886-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே அதுதான். அவர் கூட்டாட்சியை வேண்டிய குடியரசுவாதி. ஸ்பெயினை உடைக்க அன்று, அதை வேறு வகையில் கட்டவே விரும்பினார். 1892-இல் மன்ரேசா நகரில் கூடித் தன்னாட்சிக்கான கோரிக்கைகளை வகுத்த அமைப்பும் 'கத்தலனிஸ்தா ஒன்றியம்' என்றே பெயர் கொண்டிருந்தது. கத்தலோனியாவில் கத்தலான் மட்டுமே அலுவல் மொழியாக வேண்டும் என்று கேட்டவர்கள்கூட, ஸ்பெயினுக்குள் இருந்துகொண்டேதான் கேட்டார்கள். 1901-இல் தோன்றிய அவர்களுடைய முதல் பெரிய தேர்தல் கட்சி தன்னை 'வட்டாரவாதக் கழகம்' என்று அழைத்துக்கொண்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான பிரான்செஸ்க் கம்போ 1918-இல் மத்ரித் அரசில் பொதுப்பணி அமைச்சராகவும் 1921-இல் நிதியமைச்சராகவும் இருந்தார். ஸ்பெயின் அரசின் நிதியைக் கையில் வைத்திருந்த ஒருவரைப் பிரிவினைவாதி என்று எழுத முடியுமா? ஆனால் அவர் கத்தலனிஸ்தா என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை.

ஆகவே கத்தலனிஸ்தா என்பது ஒரு பெரிய குடை. கத்தலோனியாவுக்கென ஒரு தனித்தன்மை உண்டு, அதன் மொழி காக்கப்பட வேண்டும், அது தன்னைத்தானே ஓரளவேனும் ஆள வேண்டும் என்று கருதும் அனைவரும் அதன்கீழ் வருவர். தனிநாடு கேட்பவரும் வரலாம், கூட்டாட்சி கேட்கும் சோஷலிஸ்டும் வரலாம். தனிநாட்டை எதிர்க்கும் சோஷலிஸ்ட் கட்சியினர் பலர் தங்களைக் கத்தலனிஸ்தா என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

இந்தெபெந்தெந்திஸ்தா என்பது அக்குடையின் ஒரு கம்பி மட்டுமே: தனிநாடு கோருபவர். பேச்சில் சுருக்கி 'இந்தெபே' என்பார்கள்.

சோபிரனிஸ்தா இன்னும் நுட்பமானது. முடிவு செய்யும் அதிகாரம் கத்தலோனிய மக்களிடமே இருக்கிறது, அந்த முடிவு எதுவாகவும் இருக்கலாம் என்பது அந்நிலை. 2013 ஜனவரியில் கத்தலோனிய நாடாளுமன்றம், கத்தலோனிய மக்களை 'இறைமையுள்ள அரசியல் உரிமையாளர்' என்று அறிவித்தது. அந்தப் பகுதியை ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் 2014 மார்ச்சில் நீக்கியது. ஆனால் அதே தீர்ப்பில், 'முடிவு செய்யும் உரிமை' என்ற தொடரை அரசமைப்புக்கு ஏற்பப் பொருள்கொள்ள இயலும் என்றும் கூறியது. ஒரு சொல் விழுந்தது, பக்கத்துச் சொல் தப்பியது. நடுவூரான் ஐயா சொல்லும் படிகள் வெறும் அலங்காரமாக இருந்தால் நீதிபதிகள் அவற்றில் இப்படி ஏறி இறங்கியிருக்க மாட்டார்கள்.

சொல்லேர் எழுதியது:

மேலைக்காற்று சொன்னதோடு இலக்கண நோக்கில் ஒன்றைச் சேர்க்கிறேன். கத்தலானிதாத் என்பது தன்மைப் பெயர்; கத்தலனிஸ்மா என்பது கொள்கைப் பெயர். முன்னதை 'கத்தலான்தன்மை' எனலாம். அது ஒருவரிடம் இருப்பது. பின்னது ஒருவர் மேற்கொள்வது. கத்தலான் மொழியன்றி வேறு மொழி வீட்டில் பேசாத ஒரு முதியவர் கத்தலனிஸ்தாவாக இல்லாமல் இருக்கலாம்; தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவிலிருந்து வந்தவருடைய மகள் முழுக் கத்தலனிஸ்தாவாக இருக்கலாம். தமிழில் 'தமிழர்' என்பதற்கும் 'தமிழ்த்தேசியர்' என்பதற்கும் இடையே நாம் இயல்பாகவே உணரும் தூரம்தான் இது. அதை ஏன் கத்தலான்களுக்கு மறுக்க வேண்டும்?

பெயரின் வேரைப் பற்றி ஒரு சிறு விலகல். கத்தலான் என்ற பெயர் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மயோர்க்காத் தீவின்மீது நடந்த படையெடுப்பைப் பாடும் இலத்தீன் காவியமொன்றில் காணப்படுகிறது. அதன் மூலம் இன்றுவரை முடிவாகவில்லை. கோத்தர்களின் நாடு என்று ஒரு சாரார் கூறுவர். கோட்டைக் காவலரைக் குறிக்கும் 'கஸ்த்லா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று மற்றொரு சாரார் கூறுவர். இரண்டாவது சரியானால், கத்தலோனியாவும் காஸ்தீயாவும் (ஸ்பெயினின் நடுப்பகுதி, ஸ்பானிய மொழியின் பிறப்பிடம்) கோட்டை என்ற ஒரே சொல்லின் இரு பேர்த்திகள் ஆகிவிடும். இதைச் சொன்னால் இரு தரப்பும் சினம்கொள்ளும் என்பதால் அங்கே உணவு மேசையில் சொல்ல வேண்டாம் என்று மேலைக்காற்றுக்கு அறிவுறுத்துகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மிக்க நன்றி. நான்கு சொற்களும் இப்போது நான்காகவே தெரிகின்றன. ஆனால் நான் எளிது என்று எண்ணி ஒதுக்கிவைத்த சொல் இப்போது உறுத்துகிறது. வெறும் 'கத்தலான்' என்றால் யார்? அங்கே பிறந்தவரா, மொழியைப் பேசுபவரா, இனத்தவரா? கட்டுரையில் "கத்தலான்கள் 80 லட்சம் பேர்" என்று ஓரிடத்திலும், "கத்தலான் பேசுவோர் அங்கே சிறுபான்மையாகிவருகிறார்கள்" என்று இன்னோரிடத்திலும் வருகிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

மேலைக்காற்று எழுதியது:

ஒத்துப்போகும். முதல் வாக்கியம் வசிப்பவரை எண்ணுகிறது, இரண்டாவது வாயைத் திறப்பவரை எண்ணுகிறது.

1980 முதல் 2003 வரை கத்தலோனியாவின் தலைவராக இருந்த ஜோர்தி புஜோல் பரப்பிய ஒரு வாய்பாடு உண்டு: கத்தலோனியாவில் வாழ்ந்து உழைக்கும் எவரும் கத்தலானே. சில வேளைகளில் அதற்கு ஒரு வாலும் சேரும்: 'அவ்வாறு இருக்க விரும்பினால்'. வால் இருந்தால் அது அழைப்பு, இல்லாவிட்டால் அறிவிப்பு. அந்த வாலைப் பற்றியே இங்கே பல பத்தாண்டுகளாக வாதிடுகிறார்கள். விரும்புவது என்றால் மொழியைக் கற்பதா, கத்தலான் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதா, கத்தலோனியாவின் தேசிய நாளான செப்டம்பர் 11 அன்று மாடத்தில் கொடி தொங்கவிடுவதா என்று எவரும் வரையறுத்ததில்லை.

அந்த வாய்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். 1900-இல் இங்கே ஏறத்தாழ 20 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று 80 லட்சம். இயற்கைப் பெருக்கத்தால் மட்டும் வந்த உயர்வு அன்று அது. 1950-க்கும் 1975-க்கும் இடையில் மட்டும் அந்தலூசியா, எஸ்திரமதூரா, மூர்சியா, அரகோன் முதலிய பகுதிகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆலைகளிலும் கட்டட வேலையிலும் சேர வந்தார்கள். இன்று கத்தலோனியாவில் மிகப் பரவலான குடும்பப்பெயர் கார்சியா. குருதியை வைத்துக் கத்தலானை வரையறுத்தால் நாட்டின் பெரும்பகுதியே வெளியே நிற்கும். எனவே வரையறை வசிப்புக்கு நகர்ந்தது. அது பெருந்தன்மையும்தான், கணக்கும்தான்.

சட்டம் இதைவிடக் குறும்பானது. 2006-ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, கத்தலோனிய நகராட்சியொன்றில் வசிப்புப் பதிவுள்ள ஸ்பானியக் குடிமக்களுக்கே 'கத்தலான் என்னும் அரசியல் நிலை' உண்டு. அதாவது, சட்டப்படி கத்தலானாக வேண்டுமானால் முதலில் ஸ்பானியராக வேண்டும். பார்சலோனாவின் ரவால் பகுதியில் இருபது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் பாகிஸ்தானியர், நல்ல கத்தலான் பேசினாலும், புஜோலின் வாய்பாட்டுப்படி கத்தலான், சட்டப்படி அல்லர். நேற்று செவீயாவிலிருந்து வந்து பதிவு செய்துகொண்டவர் சட்டப்படி கத்தலான். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

இதற்கும் மேல் 'வெயினாட்ஜா சிவில்' என்ற மூன்றாவது வட்டம் ஒன்று இருக்கிறது. திருமணம், சொத்து, மரபுரிமை ஆகியவற்றில் கத்தலோனியாவுக்கென்று தனி உரிமையியல் சட்டம் உண்டு. எடுத்துக்காட்டாக, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் இங்கே கணவன் மனைவி சொத்துகள் தனித்தனியாகவே இருக்கும். காஸ்தீயாவில் ஈட்டியது பொதுவாகும். எந்தச் சட்டம் ஒருவரைக் கட்டும் என்பதைத் தீர்மானிப்பது அவருடைய உரிமையியல் வசிப்புநிலை. அது பெற்றோர் வழியாக வரும். அல்லது பத்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்தால் தானாக வரும். இரண்டு ஆண்டுகள் வசித்து, விரும்பி அறிவித்தாலும் வரும். ஆக, வாக்குச் சாவடியில் ஒரு கத்தலான், உயில் எழுதும் இடத்தில் வேறொரு கத்தலான், உணவு மேசையில் இன்னொரு கத்தலான்.

மொழிக் கணக்கு தனி. கத்தலோனிய அரசு 2023-இல் எடுத்த மொழிப் பயன்பாட்டுக் கணிப்பில், கத்தலானைத் தம் வழக்கமான மொழி என்று சொன்னவர்கள் 32.6 விழுக்காட்டினர். ஆனால் அதைப் பேசத் தெரிந்தவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர். தங்கள் கட்டுரையின் இரண்டாவது வாக்கியம் வழக்கமாகப் பேசுவோரைச் சொல்கிறது. 'பேசுவோர்' என்று மொழிபெயர்த்தால் தெரிந்தும் பேசாதவர்கள் காணாமல் போய்விடுவார்கள். 'நாளும் கத்தலானையே புழங்குவோர்' என்பது பொருந்தும்.

தென்கரை எழுதியது:

பிரான்சிலிருந்து எழுதும் ஈழத்தவன் நான். இங்கே எவரும் இன்னும் தொடாத ஒரு சொல்லைத் தொடுகிறேன், ஏனென்றால் தமிழில் மிகவும் வழுக்கும் இடம் அதுதான்: நசியோ (தேசம்), அதிலிருந்து பிறந்த நசியோனலிதாத்.

1978-ஆம் ஆண்டு ஸ்பானிய அரசமைப்பின் 2-ஆம் பிரிவு, ஸ்பானியத் தேசத்தின் பிரிக்கவியலாத ஒருமைப்பாட்டைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் 'தேசிய இனங்களுக்கும் வட்டாரங்களுக்கும்' தன்னாட்சி உரிமையை உறுதிசெய்கிறது. 'நசியோனலிதாத்' என்ற அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று அரசமைப்பு எங்கேயும் வரையறுக்கவில்லை, யார் யார் அத்தகையோர் என்று பட்டியலிடவும் இல்லை. வரைவுக் குழுவின் ஏழு பேரில் மிகேல் ரோக்கா, ஜோர்தி சோலே தூரா என்ற இருவர் கத்தலான்கள். தேசம் என்றும் எழுத முடியாது, வட்டாரம் என்றும் ஒப்புக்கொள்ள முடியாது என்ற நெருக்கடியில் ஏற்கப்பட்ட நடுச்சொல் அது.

தமிழில் இதற்கு 'தேசிய இனம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். நம் இடதுசாரி எழுத்துகளிலும் ஈழ அரசியல் எழுத்துகளிலும் புழங்கித் தேய்ந்த சொல் அது, வாசகருக்குப் புதிதன்று.

சொல்லேர் எழுதியது:

மறுக்கிறேன், தென்கரை அவர்களே, மரியாதையோடு. 'தேசிய இனம்' என்பதில் 'இனம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலைக்காற்று இவ்வளவு எழுதி மெல்ல வெளியே அனுப்பிய குருதியைத் தாங்கள் பின்கதவு வழியாக அழைத்து வருகிறீர்கள். ஸ்பானியச் சொல்லில் இனம் என்ற பொருள் இல்லை. அரகோனும் அந்தலூசியாவும்கூடத் தங்கள் தன்னாட்சிச் சட்டங்களில் இன்று அதே சொல்லைச் சூட்டிக்கொண்டுள்ளன. அந்தலூசியர் ஒரு தேசிய இனம் என்று எழுதினால் அந்தலூசியரே வியப்பார்கள்.

தென்கரை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அரைமனத்தோடு. 'இனம்' என்பது எங்கள் பக்கத்து எழுத்தில் குருதியை மட்டும் சொல்லவில்லை. மொழியும் நிலமும் வரலாறும் சேர்ந்த கூட்டத்தைச் சொல்கிறது. ஆனால் படிப்பவர் எல்லோரும் எங்கள் பக்கத்தவர் அல்லர் என்பது சரியே. 'தேசியத்தன்மை' என்று வைத்தால் குருதி போய்விடும், கூடவே உயிரும் போய்விடும். 'தேசியக்கூறு' எப்படி?

மேலைக்காற்று எழுதியது:

'தேசியக்கூறு' ஒரு பெரிய தேசத்தின் துண்டு என்று ஒலிக்கிறது. மத்ரித் அதை மகிழ்ச்சியோடு ஏற்கும், பார்சலோனா ஏற்காது. அதனாலேயே அது துல்லியமான மொழிபெயர்ப்பாக இருக்கலாம். அரசமைப்பில் அந்தச் சொல் வைக்கப்பட்டதும் அப்படித்தான்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கட்டுரையின் கோபம் விளங்காது. 2005 செப்டம்பர் 30 அன்று கத்தலோனிய நாடாளுமன்றம் ஏற்ற புதிய தன்னாட்சிச் சட்ட வரைவின் முதல் பிரிவே, கத்தலோனியா ஒரு தேசம் என்று சொன்னது. மத்ரித் நாடாளுமன்றத்தில் அந்தச் சொல் முதல் பிரிவிலிருந்து முகவுரைக்கு இடம்பெயர்ந்தது. அங்கும் நேராக இல்லை: கத்தலோனிய நாடாளுமன்றம் கத்தலோனியாவைத் தேசம் என்று வரையறுத்துள்ளது, அரசமைப்போ அந்தத் தேசிய யதார்த்தத்தை நசியோனலிதாத் என ஏற்கிறது என்று, யாரோ சொன்னதைச் சொல்வதுபோல் எழுதினார்கள். மக்கள் அதை 2006 ஜூன் 18 அன்று வாக்களித்து ஏற்றார்கள். 2010 ஜூன் 28 அன்று அரசமைப்பு நீதிமன்றம், முகவுரையின் அந்த வரிகளுக்குச் சட்டப் பொருள்கோளில் எந்த வலிமையும் கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஜூலை 10 அன்று பார்சலோனாத் தெருக்களில் இறங்கிய பெருங்கூட்டம் ஏந்திய பதாகையில் இருந்தது: "நாங்கள் ஒரு தேசம். முடிவு செய்வது நாங்களே."

அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்த, கத்தலோனியாவின் அன்றைய தலைவர் ஜொசே மொந்தீயா, அந்தலூசியாவின் கோர்தொவா மாகாணத்தில் இஸ்னாஹார் என்ற ஊரில் பிறந்தவர். 'தேசம்' என்ற சொல்லுக்காக நடந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கத்தலோனியாவுக்கு வெளியே பிறந்தவர். 'இனம்' ஏன் இங்கே பொருந்தாது என்பதற்குச் சொல்லேர் ஐயாவின் இலக்கணத்தைவிட இது நல்ல சான்று.

நடுவூரான் எழுதியது:

நான் என் முதல் பதிவிலிருந்து சற்றுப் பின்வாங்குகிறேன் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் இத்தனை பெருந்தன்மை பேசும் நாட்டில், வெளியிலிருந்து வந்த தொழிலாளரை நாயின் பெயரால் அழைத்தார்கள் என்று படித்தேனே, அது பொய்யா?

மேலைக்காற்று எழுதியது:

பொய்யன்று. ஷர்னேகு என்ற சொல்லைத்தான் கேட்கிறீர்கள். இரவில் வேட்டையாடப் பழக்கிய நாயைக் குறித்த பழைய காஸ்தீயச் சொல்லே அதன் மூலம் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். முதலில் அது கத்தலான் ஒருவருக்கும் கத்தலான் அல்லாத ஒருவருக்கும் பிறந்த பிள்ளையைக் குறித்தது. 20-ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தபோது, கத்தலான் பேசாத குடியேறியவரைக் குறிக்கும் வசையாயிற்று. அதற்கும் முன், 1920-30-களில், 'மூர்சியர்' என்பதே வசையாக இருந்தது. எங்கிருந்து வந்தவரும் மூர்சியர்தான்.

1964-இல் எழுத்தாளர் பிரான்செஸ்க் கந்தேல் இந்தக் குடியேறியவர்களைப் பற்றி எழுதிய நூலுக்கு 'மற்றைக் கத்தலான்கள்' என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பின் ஆற்றல் அதன் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. அவர்கள் மற்றையோராக இருக்கலாம், ஆனால் கத்தலான்கள். 'ஷர்னேகு' சொன்ன வாய்களுக்கு அது மாற்றுச் சொல் கொடுத்தது.

வசையின் கதை அங்கே முடியவில்லை. அந்தக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அந்தச் சொல்லைத் தாங்களே எடுத்துச் சூடிக்கொள்கிறார்கள். 2016-இல் தனிநாடு கோரும் கட்சியொன்றின் உறுப்பினர் கப்ரியேல் ருஃபியான் மத்ரித் நாடாளுமன்றத்தில், நான் நீங்கள் சொல்லும் சார்னேகோ (ஷர்னேகுவின் காஸ்தீய வடிவம்), நான் தனிநாடு கோருபவன் என்ற பொருளில் காஸ்தீய மொழியிலேயே பேசினார். அவருக்கு நேர் எதிர் நிலையில் உள்ளவர்களும், தனிநாட்டுக் கனவில் தங்களுக்கு இடமில்லை என்பதைச் சொல்ல, அதே சொல்லை அணிகிறார்கள். ஆகவே வாயைப் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும். தன்னைச் சொன்னால் பெருமிதம், பிறரைச் சொன்னால் வசை. என் அனுபவத்தில், நான் அதைச் சொல்லக்கூடாது, நகைச்சுவையாகவும் கூடாது. ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மேசையில் காப்பி ஆறிப்போனது.

வசைகள் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. காஸ்தீயர் சிலர் கத்தலான்களை 'போலந்துக்காரர்' என்று ஏளனம் செய்வார்கள். கத்தலான் தொலைக்காட்சியின் அரசியல் பகடி நிகழ்ச்சிக்கு 2006 முதல் 'போலந்து' என்றே பெயர். கத்தலான்களுக்குள் துரோகியைச் சொல்லும் 'பொத்திஃப்லே' என்ற சொல்லுக்கு முந்நூறு வயது: 1714 செப்டம்பர் 11 அன்று பார்சலோனா வீழ்ந்து முடிந்த ஸ்பானிய அரியணை வாரிசுரிமைப் போரில் பூர்போன் மரபு அரசனை ஆதரித்த கத்தலான்களுக்குச் சூட்டிய பெயர். அதை இன்று தனிநாடு கோரும் கட்சிகளே ஒன்றையொன்று வைதுகொள்ளவும் பயன்படுத்துகின்றன. கட்டுரையில் வந்தால் 'காட்டிக்கொடுப்பவன்' என்று எழுதி, போரை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

சொல்லேர் எழுதியது:

எதிர்முகாமின் பெயர்களையும் கவனித்துக்கொள்ளுங்கள், ஏட்டுச்சுவடி. தனிநாட்டை எதிர்ப்பவர்களை இந்தெபேக்கள் 'ஒன்றியவாதிகள்' என்பார்கள்; வட அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் நினைவூட்டும் அச்சொல்லை அழைக்கப்படுபவர்கள் ஏற்பதில்லை. தங்களை 'அரசமைப்புவாதிகள்' என்று சொல்லிக்கொள்வார்கள். அப்படியானால் மற்றவர்கள் சட்டத்துக்குப் புறம்பானவர்களா என்று அடுத்த தரப்பு முகம் சுளிக்கும். 'பிரிவினைவாதி' என்பதும் அப்படியே: பெரும்பாலும் எதிரியின் வாயில் பிறக்கும் சொல். 'தேசியவாதி' என்பதை இரு தரப்புமே எதிர்த்தரப்பின்மீது எறிகின்றன. இடதுசாரி இந்தெபேக்கள் பலர், தாம் தேசியவாதி அல்லர், தனிநாடு கோருபவர் மட்டுமே என்பார்கள்.

'ஸ்பெயின்' என்று சொல்லக் கூசும் சிலர் 'ஸ்பானிய அரசு' என்று எழுதுவதும் உண்டு. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரும் அதுவே என்பதை நினைவூட்டினால் பேச்சு சற்று நேரம் நிற்கும்.

தென்கரை எழுதியது:

நான் இருக்கும் நாட்டின் தெற்கு மூலையையும் மறக்க வேண்டாம். 1659-ஆம் ஆண்டு பிரனீஸ் உடன்படிக்கையால் பிரான்சுக்கு வந்த பெர்பின்யான் பகுதியில் 'கத்தலான்' என்பது பெரும்பாலும் ஊர்ப்பெருமை. ரக்பி ஆட்டத்திலும் கொடியிலும் இருக்கும், கடவுச்சீட்டுப் பற்றிய கேள்வியாக மாறுவது அரிது. ஆனால் 2016-இல் அப்பகுதி 'ஒக்சித்தானி' என்ற புதிய பெரும் மாநிலத்துக்குள் கரைந்தபோது, பெயரில் கத்தலான் இல்லையே என்று ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கட்டுரையில் 'பயீசஸ் கத்தலான்ஸ்' என்றும் வருகிறது. 'கத்தலான் நாடுகள்' என்று எழுதினால் தனித்தனி நாடுகள் என்று தோன்றுமோ?

மேலைக்காற்று எழுதியது:

தோன்றும், 'கத்தலான் மொழிநிலங்கள்' என்பது பாதுகாப்பானது. கத்தலோனியா, வலென்சியா, பலேயாரிக் தீவுகள், பிரான்சில் உள்ள பகுதி, அந்தோரா, அரகோனின் கிழக்கு ஓரம், சார்தீனியாவின் அல்கேரோ ஆகியவை அடங்கும். மொழியியலார் வாயில் அது வரைபடம். அரசியலார் வாயில் திட்டம். வலென்சியாவில் அதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், ஏனென்றால் அங்கே மொழியின் பெயர் வலென்சியானோ. இரண்டும் ஒரே மொழிதான் என்று வலென்சிய மொழிக் கழகமே 2005-இல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தத்தைக் கத்தலானிலும் வலென்சியானோவிலும் தனித்தனியாகப் பெயர்க்க ஏற்பாடாயிற்று. கத்தலோனிய அரசு வலென்சியப் பிரதியையே தன் பிரதியாக ஏற்றுக்கொண்டதால், இரு பெயர்களில் எழுத்துக்கு எழுத்து ஒரே ஆவணம் புருசெல்ஸ் போய்ச் சேர்ந்தது.

நடுவூரான் எழுதியது:

இறுதியாக ஒரு கேள்வி. இத்தனை சொற்களையும் விட்டுவிட்டு, அங்குள்ள ஒருவரிடம் நேரடியாகவே "நீங்கள் யார்?" என்று கேட்டால் என்ன சொல்வார்?

மேலைக்காற்று எழுதியது:

கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹுவான் லின்ஸ், லூயிஸ் மொரேனோ என்ற இரு அறிஞர்களின் பெயரால் அறியப்படும் கேள்வி அது. பல பத்தாண்டுகளாகக் கருத்துக்கணிப்புகளில் இடம்பெறுகிறது. கத்தலான் மட்டும், ஸ்பானியரைவிடக் கூடுதலாகக் கத்தலான், இரண்டும் சமம், கத்தலானைவிடக் கூடுதலாக ஸ்பானியர், ஸ்பானியர் மட்டும் என்று ஐந்து விடைகள். பெரும்பாலான கணிப்புகளில் மிகுதியானோர் 'இரண்டும் சமம்' என்பதையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தனிநாட்டுப் பேச்சு உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் அந்த நடுவிடை காணாமல் போகவில்லை. அந்தக் கூட்டத்துக்குத்தான் அரசியலில் இதுவரை நல்ல பெயர் ஒன்று கிடைக்கவில்லை. 'சமதூரத்தார்' என்று அழைத்தார்கள், அதுவும் வசைதான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வரைவைத் திருத்திவிட்டேன். கத்தலனிஸ்தாவைக் 'கத்தலானியர்' என்றும், இந்தெபெந்தெந்திஸ்தாவைத் 'தனிநாடு கோருவோர்' என்றும், சோபிரனிஸ்தாவை 'இறைமைவாதி' என்றும், நசியோனலிஸ்தாவை மட்டும் 'தேசியவாதி' என்றும் வைத்திருக்கிறேன். நசியோனலிதாத்தை ஒலிபெயர்த்து, முதல் இடத்தில் ஒரு வாக்கிய விளக்கம் தந்துவிட்டேன். தென்கரை அவர்கள் பொறுத்தருள வேண்டும். ஷர்னேகு அப்படியே நிற்கிறது. என்னை நிறுத்திய வாக்கியம் இப்போது "அவர் கத்தலானியர்தான், ஆனால் தேசியவாதி அல்லர்" என்று இருக்கிறது.

சொல்லேர் எழுதியது:

'கத்தலானியர்' என்றால் வாசகர் கத்தலோனியாவில் வசிப்பவர் என்றே கொள்வார். மறுபடியும் முதலிலிருந்தா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் கண்ணில் படுகிறது. 'கத்தலான் பற்றாளர்' என்று மாற்றுகிறேன். இதழாசிரியருக்கு நாளை அனுப்ப வேண்டும்.

சொல்லேர் எழுதியது:

'பற்றாளர்' நிற்கும். அனுப்பிவிடுங்கள்.